மேற்கோளும் சான்றின் முகவரியும்: ஆர்.கே.பேட்டை வட்டார வரலாற்றை முன்வைத்து மாணவர் ஆய்வேடுகள் குறித்த ஒரு மதிப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்த்துறை மாணவர்களின் ஆய்வேடுகளில் மேற்கோள் குறிப்பு பெரும்பாலும் நிறுத்தக்குறி, அகரவரிசை, ஒப்புமை விழுக்காடு ஆகியவை சார்ந்த வடிவச் சிக்கலாகவே அணுகப்படுகிறது. மேற்கோள் குறிப்பின் முதற்பணி சான்று இருக்கும் இடத்திற்கு வாசகரைக் கொண்டு சேர்ப்பதாகும் என்னும் கருத்தை இக்கட்டுரை முன்வைக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகள், உரையாசிரியர்களின் மேற்கோள் மரபு, பதிப்பு வேறுபாடுகள் ஆகியவற்றை ஆராய்ந்து, நிருவாக எல்லை பலமுறை மாறிய ஆர்.கே.பேட்டை வட்டாரத்தின் வரலாற்றை எழுதும்போது எழும் சான்றுச் சிக்கல்களின்வழி இக்கருத்து நிறுவப்படுகிறது.

திறவுச்சொற்கள்: மேற்கோள், கருத்துத்திருட்டு, பதிப்பு, எழுவகை மதம், ஆர்.கே.பேட்டை, வட்டார வரலாறு, தகவலாளர்.

முன்னுரை

ஆய்வேட்டின் இறுதிக் கட்டத்தில் செய்து முடிக்கவேண்டிய வேலையாகவே துணைநூற்பட்டியலும் அடிக்குறிப்பும் மாணவர்களிடையே கருதப்படுகின்றன. இயல்கள் எழுதி முடிக்கப்பட்ட பின்னர், எடுத்தாண்ட நூல்களின் பெயர்கள் நினைவிலிருந்தும் கைக்குறிப்பிலிருந்தும் தொகுக்கப்படுகின்றன. ஆசிரியர் பெயருக்குப் பின் காற்புள்ளியா, முற்றுப்புள்ளியா என்னும் வினா விரிவாகப் பேசப்படுகிறது. சுட்டப்பட்ட பக்கத்தில் சுட்டப்பட்ட செய்தி உள்ளதா என்னும் வினா அரிதாகவே எழுகிறது.

இந்நிலையின் விளைவு மாணவரோடு நின்றுவிடுவதில்லை. ஓர் ஆய்வேட்டில் இடம்பெறும் தவறான குறிப்பு அடுத்த ஆய்வேட்டிற்குச் சான்றாகிறது. அது மூன்றாவது ஆய்வேட்டில் ஐயத்திற்கு இடமில்லாத உண்மையாக நிலைபெறுகிறது. பெரிய நகரங்களையும் பேரிலக்கியங்களையும் பற்றிய பிழையைத் திருத்தப் பலர் உள்ளனர். ஒரு சிற்றூரைப் பற்றியோ ஒரு தொழிற்குழுவைப் பற்றியோ எழுந்த ஒரே ஆய்வேட்டில் பிழை நேர்ந்தால், அதைத் திருத்துவதற்கு வேறு நூல் இருப்பதில்லை. எனவே மேற்கோள் முறையின் தகுதியைச் சோதிப்பதற்கு வட்டார ஆய்வே உரிய களமாகிறது. திருவள்ளூர் மாவட்டத்தின் வடமேற்கில், ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்த ஆர்.கே.பேட்டை இக்கட்டுரையில் அத்தகைய களமாகக் கொள்ளப்படுகிறது.

1. விதியும் விழுக்காடும்

உயர்கல்வி நிறுவனங்களில் கல்விசார் நேர்மையை வளர்ப்பதற்கும் கருத்துத்திருட்டைத் தடுப்பதற்குமான விதிகளைப் பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வெளியிட்டது. பிறருடைய படைப்பையோ கருத்தையோ எடுத்துத் தம்முடையதாகக் காட்டும் செயலைக் கருத்துத்திருட்டு என அவ்விதிகள் வரையறுக்கின்றன. ஒப்புமை 10 விழுக்காடு வரை இருப்பின் தண்டனை இல்லை. 10 முதல் 40 விழுக்காடு வரை இருப்பின் ஆறு மாதத்திற்கு மிகாத காலத்துக்குள் திருத்திய ஆய்வேட்டை அளிக்க வேண்டும். 40 முதல் 60 விழுக்காடு வரை இருப்பின் ஓராண்டுக் காலம் திருத்திய ஆய்வேட்டை அளிக்க இயலாது. 60 விழுக்காட்டிற்கு மேற்பட்டால் ஆய்வுப் பதிவு நீக்கப்படும். உரிய முறையில் சுட்டப்பட்ட மேற்கோள்களும் துணைநூற்பட்டியலும் இக்கணக்கிலிருந்து விலக்கப்படுகின்றன.

இவ்விதிகள் வருவதற்கு முன்னர்ப் பல துறைகளில் எத்தகைய சோதனையும் இருந்ததில்லை என்பதால் இவற்றின் பயனைக் குறைத்து மதிப்பிட இயலாது. எனினும் வரையறைக்கும் அளவீட்டுக்கும் இடையே ஓர் இடைவெளி உள்ளது. வரையறை கருத்தைப் பேசுகிறது. அளவீடு சொற்றொடர் ஒப்புமையைக் கணக்கிடுகிறது. பிறருடைய வாதத்தை வேறு சொற்களில் எழுதி, அவர் பெயரை விட்டுவிடும் ஆய்வேடு மென்பொருள் சோதனையில் தேறிவிடும். சங்கப் பாடல்களை முழுமையாகத் தந்து, நூலும் எண்ணும் சுட்டி விளக்கும் ஆய்வேடு, விலக்கு முறையாகச் செய்யப்படாதபோது மிகுந்த ஒப்புமை காட்டக்கூடும்.

தமிழுக்கு உரிய இரண்டு சிக்கல்களும் இதில் உள்ளன. முதலாவது எழுத்துரு பற்றியது. ஒருங்குறி அல்லாத பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்ட ஆய்வேட்டைக் கணினி தமிழாக அறிவதில்லை. அதிலுள்ள படியெடுப்பு ஒப்பீட்டிற்கே வாராமற்போகும். இரண்டாவது சொல்லின் அளவு பற்றியது. பொது அறிவு சார்ந்தோ தற்செயலாகவோ அமையும் தொடர்ச்சியான 14 சொற்கள் வரையிலான ஒப்புமையை விதி விலக்குகிறது. ஒட்டுநிலை மொழியாகிய தமிழில் வேற்றுமையுருபும் இடைநிலையும் விகுதியும் ஒரே சொல்லில் அடங்குகின்றன. ஏழு சீர் கொண்ட குறள் வெண்பாக்கள் இரண்டு சேர்ந்தாலே 14 சீர் ஆகும். தமிழில் 14 சொற்களுக்குள் ஒரு கருத்தை முழுமையாகச் சொல்லி முடித்துவிடலாம். ஆங்கிலத்தை மனத்திற்கொண்டு அமைந்ததாகத் தோன்றும் அளவு தமிழில் மிகுந்த தளர்ச்சியைத் தருகிறது.

ஆய்வு மற்றும் வெளியீட்டு அறம் பற்றிய இரண்டு கிரெடிட் அளவுள்ள பாடத்தை முனைவர் பட்ட மாணவர்களுக்குக் கட்டாயமாக்க மானியக் குழு 2019இல் முடிவு செய்தது. அப்பாடம் விழுக்காட்டைக் குறைக்கும் உத்திகளைக் கற்பிப்பதாகச் சுருங்கினால் அதன் நோக்கம் நிறைவேறாது. சொற்களை மாற்றிப்போட்டு விழுக்காட்டைக் குறைக்கும் பயிற்சியால் மாணவர் மூலத்திலிருந்து மேலும் விலகுகிறார். மூலமோ மறைந்தே நிற்கிறது.

2. உரையாசிரியர் மரபில் பெயர் சுட்டல்

மேற்கோள் முறை மேலைநாட்டிலிருந்து வந்த ஒன்று என்னும் எண்ணம் தமிழ் மாணவரிடையே உள்ளது. தமிழ் இலக்கண மரபு இதற்கு மாறான செய்தியைத் தருகிறது. தொல்காப்பியர் தமக்கு முந்தையோர் கருத்தை ‘என்ப’, ‘மொழிப’ முதலிய சொற்களால் குறிக்கிறார். மரபியல் நூலை முதல்நூல், வழிநூல் எனப் பகுத்து, வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என வகைப்படுத்துகிறது. நன்னூல் சார்புநூலையும் சேர்த்து மூன்றாகக் கூறுகிறது. ஒரு நூல் எதிலிருந்து பிறந்தது, எந்த அளவில் வேறுபடுகிறது என்பதை வெளிப்படுத்தும் கடப்பாடு இப்பகுப்புகளில் அடங்கியுள்ளது.

ஆயினும் உரையாசிரியர்களின் நடைமுறை ஒரே தன்மையுடையதாக இல்லை. சிலப்பதிகார உரையில் அடியார்க்குநல்லார் இசைநுணுக்கம், இந்திரகாளியம், பஞ்சமரபு, பரதசேனாபதீயம், மதிவாணர் நாடகத்தமிழ் நூல் ஆகியவற்றைத் தம் உரைக்கு ஆதாரமாகப் பெயர் சுட்டியே கூறுகிறார். இவற்றுள் பஞ்சமரபு பிற்காலத்தில் சுவடியாகக் கிடைத்து இருபதாம் நூற்றாண்டில் அச்சேறியபோது, அது இன்ன நூல் என இனங்காண அவர் சுட்டிய பெயர் துணைநின்றது. புறத்திரட்டைத் தொகுத்தவர் பாடல்களின் மூலநூற் பெயரையும் குறித்துச் சென்றார். முத்தொள்ளாயிரப் பாடல்களுள் இன்று கிடைப்பவற்றில் பெரும்பாலானவை அத்தொகுப்பின் வழியாகவே எஞ்சின. மயிலை சீனி. வேங்கடசாமி ‘மறைந்துபோன தமிழ் நூல்கள்’ என்னும் நூலை எழுத முடிந்ததற்கும் இத்தகைய மேற்கோள்களே அடிப்படை.

இதற்கு மாறாக, நூற்பெயர் கூறாமல் ‘என்றார் பிறரும்’ என்பது போன்ற தொடரோடு மேற்கோளை நிறுத்துவதும் உரைகளில் மிகுதி. அக்கால மாணாக்கர் மூலங்களை மனப்பாடமாக அறிந்திருந்தனர். அவர்களுக்குப் பெயர் தேவைப்படவில்லை. அந்தக் கல்விமுறை மாறியபின் பெயரில்லா மேற்கோள்கள் சிக்கலாயின. சீவகசிந்தாமணியை 1887இல் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், நச்சினார்க்கினியர் காட்டிய மேற்கோள்களின் மூலங்களைத் தேடுவதில் பேருழைப்பைச் செலவிட்டார். அத்தேடல் அவரைச் சங்க நூல்களின்பால் ஈர்த்தது. அப்படியும் மூலம் தெரியாது எஞ்சிய மேற்கோள்கள் உள்ளன.

உரை மரபைக் காட்டி இன்றைய மாணவரின் குறிப்பில்லா மேற்கோளை நியாயப்படுத்துவது பொருந்தாது. உரையாசிரியர் தம் காலத்து வாசகருக்குப் போதுமான அளவு சுட்டினார். இன்றைய வாசகருக்குப் போதுமான அளவு எது என்பதே மாணவர் எதிர்கொள்ள வேண்டிய வினா.

3. பதிப்பைச் சுட்டாத குறிப்பு

தமிழ் ஆய்வேடுகளில் பழந்தமிழ் நூல்கள் பெரும்பாலும் எண்ணால் மட்டும் சுட்டப்படுகின்றன. எண் மாறாதது என்னும் நம்பிக்கை இதற்குக் காரணம். தொல்காப்பிய நூற்பாக்களின் எண்ணிக்கையும் பகுப்பும் உரையாசிரியர்தோறும் வேறுபடுகின்றன. ஒருவர் ஒரே நூற்பாவாகக் கொண்டதை மற்றொருவர் இரண்டாகக் கொள்கிறார். எனவே உரையாசிரியர் பெயரின்றி நூற்பா எண் தருவது அரைகுறை முகவரியாகும். திருக்குறளில் இன்று வழங்கும் எண் பரிமேலழகர் வைப்புமுறையைப் பின்பற்றியது. மணக்குடவர் வைப்புமுறை வேறு. மணக்குடவர் உரையை எடுத்தாளும் மாணவர் எந்த எண்ணைத் தருகிறார் என்பதைக் கூற வேண்டும். கம்பராமாயணப் பாடல் எண்களும் பதிப்புக்குப் பதிப்பு மாறுகின்றன.

பதிப்பு வேறுபாடு எண்ணோடு முடிவதில்லை. கால்டுவெல்லின் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856இல் வெளிவந்தது. அவரே விரித்துத் திருத்திய இரண்டாம் பதிப்பு 1875இல் வந்தது. அவர் மறைவுக்குப் பின் 1913இல் வந்த மூன்றாம் பதிப்பில், பறையர் திராவிடரா என்னும் வினாவை ஆராயும் பகுதி உள்ளிட்ட பின்னிணைப்புகள் விடப்பட்டன. பிற்கால மறுஅச்சுகள் பல இம்மூன்றாம் பதிப்பைத் தழுவியவை. அவற்றைப் படித்துவிட்டுக் ‘கால்டுவெல், 1856’ எனக் குறிப்பு எழுதும் மாணவர், மூன்று பதிப்புகளையும் ஒன்றாக்கிவிடுகிறார். ‘இப்பொருள் குறித்துக் கால்டுவெல் எதுவும் கூறவில்லை’ என அவர் முடிவு கூறினால், அது பதிப்பைப் பற்றிய உண்மையேயன்றிக் கால்டுவெல்லைப் பற்றிய உண்மை ஆகாது.

மறுஅச்சின் ஆண்டை மட்டும் தருவதும் இத்தகையதே. 1894இல் வெளிவந்த புறநானூற்றுப் பதிப்பின் மறுஅச்சைப் பயன்படுத்தியவர் மறுஅச்சின் ஆண்டை மட்டும் குறித்தால், பதிப்பு வரலாறு நூறாண்டுக்கு மேல் இடம்பெயர்கிறது. முதற்பதிப்பின் ஆண்டும் பயன்படுத்திய அச்சின் ஆண்டும் ஒருங்கே தரப்பட வேண்டும். பழைய நூல்களின் முகப்பில் தமிழ் ஆண்டு மட்டும் இருந்தால், அது அறுபது ஆண்டுக்கு ஒருமுறை மீளும் பெயர் என்பதால் பிற சான்று கொண்டே ஆங்கில ஆண்டைத் துணிய வேண்டும்.

4. மறைந்து நிற்கும் இடைநூல்

மாணவர் ஆய்வேடுகளில் காணும் மற்றொரு குறை, இடைநூலை மறைப்பது. திறனாய்வு நூலொன்றில் எடுத்தாளப்பட்ட பழைய உரைப்பகுதியை மாணவர் அங்கிருந்தே எடுக்கிறார். குறிப்பிலோ பழைய உரையின் பெயரைத் தருகிறார். மூலத்தை நேரில் கண்டதாகத் தோற்றம் உண்டாகிறது. இடைநூலாசிரியர் செய்த பிழை மூலத்தின் பிழையாகிறது. இடைநூலாசிரியரின் உழைப்பும் மறைகிறது.

இதனைக் கண்டறிவது கடினமன்று. தொல்காப்பியப் பொருளதிகாரத்திற்கு நச்சினார்க்கினியர் எழுதிய உரையில் மெய்ப்பாட்டியல், உவமவியல், மரபியல் ஆகியவற்றுக்கான பகுதிகள் கிடைக்கவில்லை. பேராசிரியர் உரை பின்னான்கு இயல்களுக்கே கிடைக்கிறது. மெய்ப்பாட்டியலுக்கு நச்சினார்க்கினியர் உரையை ஓர் ஆய்வேடு சுட்டுமாயின், அவ்வுரை நூலை மாணவர் திறந்து பார்க்கவில்லை என்பது உறுதியாகும். ஒப்புமை மென்பொருள் இதைக் காட்டாது. உரை வரலாறு அறிந்த ஆசிரியரே காட்ட இயலும்.

மின்னூலகங்கள் வந்தபின் இடைநூலின் வடிவமும் மாறியுள்ளது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், ஈழத்து நூல்களைத் திரட்டிவரும் நூலகம் திட்டம் ஆகியவை கிராமப்புற மாணவருக்குப் பெருந்துணை. ஆனால் மின்பதிப்பில் படித்துவிட்டு அச்சுநூலின் பக்க எண்ணை வேறொருவர் பட்டியலிலிருந்து எடுத்து எழுதும் வழக்கம் உருவாகியுள்ளது. தட்டச்சு செய்யப்பட்ட மின்பதிப்பில் பாட வேறுபாடு நேரக்கூடும் என்பதால், மின்பதிப்பைக் கண்டவர் மின்பதிப்பையே சுட்டுவது நேர்மையும் பாதுகாப்பும் ஆகும். மின்பதிப்பைச் சுட்டுவது தகுதிக்குறைவு எனக் கருதும் நெறியாளரின் மனநிலையும் இப்பொய்க்குறிப்புகளுக்கு ஒரு காரணம். அண்மையில் பரவிவரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளோ, இல்லாத நூலுக்கும் ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு ஆகியவற்றை அமைத்துத் தரக்கூடியவை. வடிவம் மட்டுமே சோதிக்கப்படும் சூழலில் அத்தகைய குறிப்பு பிழையற்றதாகவே தோன்றும்.

‘மேலது’ என்னும் குறிப்பும் எச்சரிக்கைக்கு உரியது. திருத்தத்தின்போது இடையில் ஓர் அடிக்குறிப்பு சேர்க்கப்பட்டால், அடுத்து வரும் ‘மேலது’ வேறு நூலைச் சுட்டத் தொடங்கிவிடுகிறது. எழுதி முடிக்கும்வரை ஒவ்வொரு குறிப்பிலும் நூற்பெயரை முழுமையாக வைத்திருப்பதே இதற்குத் தீர்வு.

5. ஆர்.கே.பேட்டை: ஓர் ஊரின் பல முகவரிகள்

இதுவரை கூறிய சிக்கல்கள் நூல்களைச் சார்ந்தவை. ஆவணங்களைக் கொண்டு ஓர் ஊரின் வரலாற்றை எழுதும்போது இவற்றோடு வேறு சிக்கல்களும் சேர்கின்றன. ஆர்.கே.பேட்டை வட்டாரம் நெசவுத் தொழில் பரவிய பகுதி. தமிழும் தெலுங்கும் வழங்குவது. அவ்வட்டார நெசவாளர் வாழ்வியலை ஒரு மாணவர் ஆய்வுப் பொருளாகக் கொண்டால், அவர் முதலில் எதிர்கொள்வது ஊரின் பெயரையும் அது சார்ந்த மாவட்டத்தையும் பற்றிய வினாவாகும்.

ஆர்.கே.பேட்டை என்பது இராமகிருஷ்ணராஜுப்பேட்டை என்பதன் சுருக்கம். சுருக்கப் பெயரை மட்டும் கொண்டு தேடுபவருக்கு முழுப்பெயரில் அமைந்த ஆவணங்கள் கிட்டாமற்போகும். இன்று இவ்வூர் திருவள்ளூர் மாவட்டத்தில் ஒரு வட்டத்தின் தலைமையிடம். திருவள்ளூர் மாவட்டம் 1997இல் செங்கற்பட்டு மாவட்டத்திலிருந்து பிரிந்தது. திருத்தணி, பள்ளிப்பட்டுப் பகுதிகளோ 1960 ஏப்ரல் 1ஆம் நாள்தான் ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாநிலத்தின் செங்கற்பட்டு மாவட்டத்தில் சேர்ந்தன. அதற்கு முன் 1953 அக்டோபர் முதல் ஆந்திர மாநிலத்திலும் 1956 நவம்பர் முதல் ஆந்திரப் பிரதேசத்திலும் இருந்தன. 1953க்கு முன் சித்தூர் மாவட்டம் சென்னை மாநிலத்தின் பகுதி. சித்தூர் மாவட்டமே 1911இல்தான் உருவானது. திருத்தணி உள்ளிட்ட கார்வேட்டிநகரம் ஜமீன் பகுதி அதற்குமுன் வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சார்ந்திருந்தது.

எனவே இவ்வட்டாரம் பற்றிய பத்தொன்பதாம் நூற்றாண்டுச் செய்திகளை வட ஆர்க்காடு மாவட்டக் கையேட்டிலும், 1951 மக்கள்தொகைக் கணக்கைச் சித்தூர் மாவட்டத் தொகுதியிலும், 1961 கணக்கைச் செங்கற்பட்டு மாவட்டத் தொகுதியிலும் தேட வேண்டும். வட ஆர்க்காடு கையேட்டிலும் ஆர்தர் காக்ஸ் தொகுத்த 1881 பதிப்பு வேறு. ஹரால்ட் ஸ்டுவர்ட் திருத்தி 1890களில் இரண்டு தொகுதிகளாக வந்த பதிப்பு வேறு.

‘1951 கணக்கெடுப்பின்படி திருவள்ளூர் மாவட்டத்து ஆர்.கே.பேட்டையில்’ என ஓர் ஆய்வேடு தொடங்குமாயின், அக்குறிப்பைப் பின்தொடரும் வாசகர் எந்தத் தொகுதியையும் சென்றடைய மாட்டார். அன்று அப்பெயரில் மாவட்டம் இல்லை. பின்னோக்கிக் கணித்துச் செங்கற்பட்டுத் தொகுதியைத் திறந்தாலும் இவ்வூர் அங்கிருக்காது. மேலும், செங்கற்பட்டு மாவட்டத்தின் 1951, 1961 எண்ணிக்கைகளை எல்லை மாற்றத்தைக் கருதாமல் ஒப்பிட்டால், நிலம் சேர்ந்ததால் உண்டான உயர்வு மக்கள் பெருக்கமாகவோ தொழில் வளர்ச்சியாகவோ தோன்றும். குறிப்பில் விடப்பட்ட ஒரு சொல், முடிவையே மாற்றிவிடுகிறது. ‘அன்றைய சித்தூர் மாவட்டம், இன்றைய திருவள்ளூர் மாவட்டம்’ என இரண்டையும் தரும் குறிப்பே முழுமையானது.

சான்றின் பரப்பும் கவனத்திற்குரியது. திருவள்ளூர் மாவட்டத்தின் கிழக்கில் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழில் வளாகம் உள்ளது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டை அமைந்த பகுதியும் 2018இல் சென்னை மாவட்டத்தோடு இணைக்கப்படும்வரை இம்மாவட்டத்திலேயே இருந்தது. மாவட்ட அளவிலான தொழிற் புள்ளிவிவரம் ஒன்றைச் சுட்டி, ஆர்.கே.பேட்டை நெசவாளரின் நிலையை விளக்க முற்படும் மேற்கோள், வடிவத்தில் பிழையற்றதாக இருப்பினும் சான்றாகாது. அப்புள்ளிவிவரம் பேசுவது பெரும்பாலும் ஆலைகளைப் பற்றி. மாணவர் பேசுவது தறிகளைப் பற்றி.

6. வாய்மொழிச் சான்று

நெசவாளர் பற்றிய ஆய்வில் அச்சிட்ட சான்றைவிட வாய்மொழிச் சான்று மிகுதியாக இருக்கும். நாட்டார் வழக்காற்றியல் ஆய்வேடுகள் தகவலாளர் பட்டியலைப் பின்னிணைப்பாகத் தருவது நல்ல வழக்கம். ஆனால் உடலிலுள்ள எந்தச் செய்தி எந்தத் தகவலாளரிடமிருந்து வந்தது என்னும் தொடர்பு பல ஆய்வேடுகளில் இல்லை. ‘கள ஆய்வில் கிடைத்த செய்தி’ என்னும் பொதுக்குறிப்பே பக்கந்தோறும் வருகிறது. நூலாசிரியருக்குப் பக்க எண்வரை தரப்படும் மதிப்பு, அறுபதாண்டு தறியில் அமர்ந்தவரின் அறிவுக்குத் தரப்படுவதில்லை. அச்சில் உள்ளதை எடுத்தால் திருட்டு, வாயால் கூறியதை எடுத்தால் தரவு என்னும் வேறுபாட்டிற்கு அறிவுசார்ந்த நியாயம் இல்லை.

எல்லாவற்றிற்கும் குறிப்பு தேவையில்லை என்பதும் உண்மை. பாவு நீளவாட்டு நூல், ஊடை குறுக்குவாட்டு நூல் என்பது பொதுச்செய்தி. ஒரு கூலி முறை எப்போது மாறியது, கைத்தறி விசைத்தறிக்கு வழிவிட்டபோது எத்தகைய குடும்பங்கள் தொழிலை விட்டன என்பன பொதுச்செய்தி அல்ல. அவை குறிப்பிட்ட ஒருவரின் நினைவு. நினைவுகள் தம்முள் மாறுபடுவதால், கூறியவர் யார் என்பது செய்தியின் பகுதியாகிறது. வயது, தொழிலில் கழித்த ஆண்டுகள், நேர்காணல் நிகழ்ந்த நாள், இடம் ஆகியவை குறிக்கப்பட வேண்டும். கடன், கூலித் தகராறு போன்றவற்றைப் பேசியவருக்குத் தீங்கு நேரக்கூடும் எனின் பெயரை மறைத்துக் குறியீட்டெண் தரலாம். அப்போதும் எந்தக் கூற்று எந்த எண்ணுக்குரியது என்பது தெளிவாக இருக்க வேண்டும்.

எல்லை வட்டாரத்தில் மொழியும் ஒரு சான்றுச் சிக்கல். தெலுங்கில் கூறப்பட்டதைத் தமிழில் எழுதி மேற்கோள் குறிக்குள் இடும்போது, அது கூறியவரின் சொல்லாக அன்றி மாணவரின் மொழிபெயர்ப்பாகவே உள்ளது. நேர்காணல் நிகழ்ந்த மொழியையும் பெயர்த்தவரையும் குறிப்பது இங்கு இன்றியமையாதது.

7. எழுவகை மதமும் மேற்கோளின் பணியும்

முகவரி சரியாக இருப்பது முதற்படி. அம்முகவரியில் கண்ட கருத்தோடு மாணவர் கொள்ளும் உறவு அடுத்த படி. நன்னூல் கூறும் எழுவகை மதம் இதற்குப் பொருத்தமான அளவுகோலாக அமைகிறது. பிறர் கருத்துக்கு உடன்படுதல், மறுத்தல், எடுத்துக்கொண்டு பின்னர்க் களைதல், தாமே ஒன்றை நாட்டி நிறுவுதல், இருவர் மாறுபட்டவிடத்து ஒன்றைத் துணிதல், பிறர் நூலின் குற்றம் காட்டல், பிறர் கருத்தோடு சேராமல் தம் கருத்தைக் கொள்ளுதல் ஆகியன அவை. இவற்றுள் மாணவர் ஆய்வேடுகள் பெரும்பாலும் முதலாவதை மட்டுமே கையாள்கின்றன. ஒரு கருத்தைக் கூறி, அதே கருத்தைப் புகழ்பெற்ற ஒருவரின் சொல்லால் மீண்டும் கூறி, ‘இக்கருத்து ஈண்டு நோக்கத்தக்கது’ என முடிப்பது வழக்கமாகிவிட்டது. இங்கு மேற்கோள் சான்றாக அன்றி அணியாகவே நிற்கிறது.

வடக்கெல்லை வரலாற்றை எழுதும் மாணவருக்கு இம்முறை போதாது. மொழிவாரி மாநிலப் பிரிவினையின்போது திருத்தணி, சித்தூர், புத்தூர்ப் பகுதிகள் குறித்து இரு தரப்பும் உரிமை கோரின. ம.பொ.சிவஞானத்தின் தமிழரசுக் கழகமும் மங்கலங்கிழார் போன்றோரும் நடத்திய இயக்கத்தின் வரலாறு தமிழ் நூல்களில் விரிவாகப் பதிவாகியுள்ளது. ம.பொ.சி.யின் ‘எனது போராட்டம்’ அவற்றுள் முதன்மையானது. எனினும் அது போராட்டத்தில் ஈடுபட்ட ஒருவரின் தன்வரலாறு. நடுவராக அமர்ந்த எச்.வி. படாஸ்கரின் பரிந்துரை, ஊரை அலகாகக் கொண்டு மொழிப் பெரும்பான்மை, நிலத் தொடர்ச்சி ஆகியவற்றைக் கருதியது. அதன் அடிப்படையில் எல்லை மாற்றச் சட்டம் 1959இல் நிறைவேறியது. எந்த ஊர் எந்த மாநிலத்தில் சேர வேண்டும் என்பதை மொழிக்கணக்கு என்னும் சான்று தீர்மானித்த நிகழ்வு இது. சான்று எங்கிருந்து வந்தது, யார் எண்ணியது என்னும் வினாக்கள் அன்று மக்களின் வாழ்வோடு நேரே தொடர்புடையனவாக இருந்தன.

இத்தகைய பொருளில் ஒரு தரப்பு நூலை மட்டும் சுட்டி உடன்படும் ஆய்வேடு, எத்தனை அடிக்குறிப்பு கொண்டிருந்தாலும் ஆய்வாகாது. இருவர் மாறுபட்டவிடத்து இரு தரப்பையும் அவரவர் நூலிலிருந்தே காட்டி, துணிந்த முடிவுக்குக் காரணம் கூறுவதே நன்னூல் காட்டும் நெறி. தெலுங்கு நூலைப் படிக்க இயலாத மாணவர், அத்தரப்பை எந்த மொழிபெயர்ப்பின் வழி, யாருடைய சுருக்கத்தின் வழி அறிந்தார் என்பதைக் கூறிவிட்டாலே வாசகர் அம்முடிவின் வலிமையை மதிப்பிட்டுக்கொள்வார்.

8. மதிப்பீட்டு முறையில் தேவைப்படும் மாற்றம்

இக்குறைகளை மாணவரின் நேர்மைக் குறைவாக மட்டும் காண்பது நியாயமன்று. குடும்பத்தில் முதன்முறையாக உயர்கல்விக்கு வந்தவரும், ஊரில் ஆய்வு நூலகம் இல்லாதவரும், உதவித்தொகைக் காலத்திற்குள் ஆய்வேட்டை முடிக்க வேண்டியவரும் தமிழ்த்துறைகளில் மிகுதி. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திற்குச் சென்றுவரச் செலவாகும் நாளையும் பணத்தையும் ஈடுசெய்ய அவருக்கு வழியில்லை. மூலத்தைக் காணாததை ஒளிப்பின்றிக் கூறினால் மதிப்பெண் குறையும் என அஞ்சும் சூழலே பொய்க்குறிப்பை வளர்க்கிறது. ‘இன்னார் நூலில் எடுத்தாளப்பட்டது’ என்னும் குறிப்பைக் குறையாகக் கருதாமல், நேர்மையின் அடையாளமாக நெறியாளரும் தேர்வாளரும் ஏற்க வேண்டும்.

தேர்வாளர் ஒப்புமை விழுக்காட்டுச் சான்றிதழைக் காண்பதோடு, ஆய்வேட்டிலிருந்து ஐந்து குறிப்புகளைத் தாமே தெரிந்தெடுத்து அவற்றின் மூலம்வரை பின்தொடரலாம். வாய்மொழித் தேர்வில் ‘இந்நூலின் எந்தப் பதிப்பைப் பார்த்தீர்கள்’ என்னும் ஒரு வினா பல பக்க அறிவுரையைவிடப் பயன் தரும். ஆய்வு அறப் பாடத்தில் ஒவ்வொரு மாணவரும் முந்தைய ஆய்வேடு ஒன்றின் ஒரு மேற்கோளை மூலம்வரை தேடிச்சென்று, வழியில் நேர்ந்த மாற்றங்களை எழுதும் பயிற்சி இடம்பெறலாம். அப்பயிற்சிக்கு வேண்டிய ஆய்வேடுகள் ‘சோத்கங்கா’ தளத்தில் உள்ளன. வடிவத்தைப் பொறுத்தவரை ஒரு துறை தனக்கெனத் தமிழ்ப் பெயர் மரபுக்கு ஏற்ற ஒரு முறையை வகுத்துக்கொள்வது போதும். குடும்பப்பெயரை முன்வைக்கும் மேலைநாட்டு முறை, தலைப்பெழுத்தும் இயற்பெயரும் கொண்ட தமிழ்ப் பெயருக்கு அப்படியே பொருந்துவதில்லை. இயற்பெயரை முதலிலும் தலைப்பெழுத்தைப் பின்னும் வைத்து அகரவரிசைப்படுத்துவது எளிது. எந்த முறையாயினும் ஆய்வேடு முழுவதும் ஒன்றாக இருந்தால் வாசகர் வழி தவறமாட்டார்.

முடிவுரை

மேற்கோள் குறிப்பின் தகுதி, அதைப் பின்தொடர்பவர் மாணவர் கண்ட அதே சான்றைக் காண முடிகிறதா என்பதால் அறியப்படும். 2018ஆம் ஆண்டு விதிகள் படியெடுத்தலைத் தடுக்கின்றன. பதிப்பை மறைத்தலையும் இடைநூலை மறைத்தலையும் வாய்மொழிச் சான்றின் உரிமையாளரை மறைத்தலையும் அவற்றின் அளவீடு எட்டுவதில்லை. பெயர் சுட்டிய உரையாசிரியரும் தொகுப்பாளரும் மறைந்த நூல்களை மீட்க வழிசெய்தனர். பெயர் சுட்டாத இடங்களில் பதிப்பாசிரியர்கள் வழி காண இயலாது நின்றனர். ஆர்.கே.பேட்டை போன்ற ஊர்களின் வரலாறு வட ஆர்க்காடு, சித்தூர், செங்கற்பட்டு, திருவள்ளூர் என நான்கு மாவட்டங்களின் ஆவணங்களிலும் முதியவர் சிலரின் நினைவிலும் சிதறிக் கிடக்கிறது. அவற்றை ஒன்றுசேர்க்கும் முதல் ஆய்வேட்டை எழுதப்போகிறவர் பெரும்பாலும் அவ்வட்டாரத்து மாணவராகவே இருப்பார். அவர் தரும் ஒவ்வொரு குறிப்பும் அடுத்துவருபவர் அச்சான்றை மீண்டும் சென்றடைவதற்கான வழியாகும். அந்நினைவுகளுக்கு உரியவர்கள் மறைந்தபின் அவ்வழியை வேறு எவராலும் அமைத்துத்தர இயலாது.